பின்னால் போகாத தாடை

"இன்னும் முன்னாடி கொண்டு வா. இன்னும் கொஞ்சம். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் நுனியோட நுனி முட்டணும். ஆங், அப்படியே கடி. அசையாத."

வெந்நீரில் போட்டு இளக்கிய சிவப்பு மெழுகுத் துண்டைக் கடித்துக்கொண்டு, பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் என் மகள் மல்லாந்து கிடந்தாள். கண்கள் கூரை விளக்கைப் பார்த்தபடி நனைந்திருந்தன. அதற்கு முன்னால்தான் அச்செடுக்க ஒரு கரண்டி நிறையப் பசை மாவை வாய்க்குள் அமுக்கியிருந்தார்கள். குமட்டிக் குமட்டி, நாற்காலியின் கைப்பிடியை நகத்தால் பிறாண்டி வைத்திருந்தாள். மெழுகு இறுகும் வரைக்கும் டாக்டரம்மா ஒரு கைக்கண்ணாடியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். பிள்ளை பார்த்தாள். பின்னால் நின்ற நானும் பார்த்தேன். கண்ணாடியில் வேறு ஒரு பெண் இருந்தாள். உதடு இரண்டும் மூடியிருந்தன. கழுத்துக்கும் வாய்க்கும் நடுவில் மோவாய் என்று ஒன்று இருந்தது. இத்தனை வருஷமும் இவளுக்கு யார் ஜாடையும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தக் கண்ணாடியில் அவள் அப்படியே அவளுடைய அப்பாவாக இருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். சொல்லிக்கொடுப்பதில் அவருக்கு ஒரு ஆசை இருந்தது. "மேல் பல்லு தூக்கலா இருக்குன்னுதானே கூட்டிட்டு வந்தீங்க? மேல் பல்லு அதோட இடத்துலதான்மா இருக்கு. கீழ்த்தாடைதான் வளராம பின்னாடி ஒதுங்கி நிக்குது" என்றார். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு கிளிப்பு செய்து தருவார்களாம். இரண்டிலும் சரிவாகச் சீவிய ஆப்பு மாதிரி ஒரு கட்டை. வாயை மூடினால் சரிவும் சரிவும் வழுக்கிக்கொண்டு தாடையை முன்னால் தள்ளிவிடும். முன்னால் கொண்டு வராமல் வாயை மூடவே முடியாது. "பல் விளக்குறப்ப மட்டும் கழட்டலாம். தூங்கும்போது, சாப்பிடும்போது, பேசும்போது எல்லாம் வாயிலேயே இருக்கணும். வளர்ற வயசு இல்லையா, எலும்பும் சதையும் அந்த இடத்துக்கே பழகி வளர்ந்துக்கும்."

"வளர்ந்து முடிச்சிட்டா?"

"அப்புறம் எலும்பை அறுத்துதான் முன்னாடி தள்ளணும். பாப்பா இன்னும் பெரிய மனுஷி ஆகலைல்ல? அப்ப இதுதான் நேரம். இந்த வருஷத்தை மட்டும் விட்டுடாதீங்க."

அறுப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நான் இருப்பது கட்டடம் இடிக்கும் கூட்டத்தில். சுவரை அறுக்கும் மெஷினில் ஒருத்தர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நிற்பார். வெட்டின வாயிலிருந்து வெள்ளையாகப் பால் போல வழியும். அந்தச் சத்தம் பல் வேரில் போய் உட்காரும். அறுக்கிற பேச்சே வேண்டாம் என்று அங்கேயே முடிவு பண்ணினேன்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்கு அணில் என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவளுடைய அப்பாவை வேலையிடத்தில் கடப்பாரை என்பார்கள். கடப்பாரை ஒரு சுவரைத் தொட்டால் அது எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று அவர் நினைக்கிறாரோ அந்தப் பக்கம்தான் விழும். கூட வேலை செய்யும் யார் மேலும் ஒரு கல் பட்டதில்லை. நான் அவர் தள்ளிவிட்ட செங்கல்லைப் பொறுக்கி, சின்னச் சுத்தியலால் காரையைத் தட்டிவிட்டு அடுக்குகிற ஆள். இந்த மனுஷன் குடிக்கவும் மாட்டார். குடித்தாலாவது குடி மேல் பழியைப் போடலாம். அடிப்பதற்கு முன்னால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். பிறகு கதவு. அவசரமே இருக்காது, மழைக்குச் சாத்துகிற மாதிரிதான் சாத்துவார். ஜன்னல் கொக்கி விழும் சத்தம் கேட்டால், சந்தின் எதிர்ப்பக்கம் இருக்கும் தையல்கார அக்காவின் மெஷின் கடகடவென்று வேகமாக ஓட ஆரம்பிக்கும். நாங்கள் கத்துவது அவளுக்குக் கேட்கக் கூடாது, அவளுக்குக் கேட்டது எங்களுக்குத் தெரியக் கூடாது. அந்த மெஷின் சத்தத்துக்குள்தான் ஒரு தரம் என் தாடையும் போனது. அது தானாகவே கூடிக்கொண்டது, கோணலாக. அன்றிலிருந்து எனக்கு வலது பக்கம்தான் மெல்ல வரும்.

கிளிப்பு வந்த முதல் சில நாள் வீட்டில் சிரிப்புதான். அணிலுக்கு எச்சில் நிற்காது. சகரம் எல்லாம் தகரமாக விழும். "வாய்க்குள்ள என்ன, ரெண்டு செங்கல்லா? உங்கம்மா தட்டி அடுக்கினதா?" என்று கடப்பாரையே சிரித்தார். காலையில் காதுக்கு முன்னால் வலிக்கிறது என்று இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஆனால் கழற்ற மாட்டாள். கிண்ணத்துத் தண்ணீரில், பஸ் ஜன்னல் கண்ணாடியில், கரண்டியின் முதுகில், எங்கே முகம் தெரிந்தாலும் பக்கவாட்டில் திரும்பி மோவாயைப் பார்த்துக்கொள்வாள். தெருவில் நடக்கும்போது முன்னால் போன முகத்துக்குப் பின்னால் அவள் போகிற மாதிரி இருக்கும்.

ஒரு சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அளவு நாடாவைக் காணோம் என்று அவர் கேட்டார். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் பிள்ளை தலையைக் குனிவாள். ஏற்கெனவே இல்லாத மோவாய் கழுத்துக்குள் போய்விடும். நெற்றியும் நாலு பல்லும்தான் தெரியும். அதைப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட கோபத்துக்கும் பிடிப்பு கிடைக்காது. நான் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை, நடக்கப் பழகின மாதிரி அதுவும் தானாகப் பழகியிருந்தாள். அன்றைக்கும் குனிந்துதான் பேசினாள். ஆனால் கிளிப்பு தன் வேலையைச் செய்தது. அவள் குனியக் குனிய, தாடை மட்டும் முன்னால் வந்து நின்றது.

"எனக்குத் தெரியாதுப்பா."

"என்ன, தாடையை நீட்டுற?"

"கிளிப்புப்பா."

"யார்கிட்ட நீட்டுற?"

"நான் நீட்டலப்பா. அதுதான்…"

அவர் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு எழுந்தார். ஜன்னலைச் சாத்தினார். எதிர்வீட்டு மெஷின் ஓட ஆரம்பித்தது.

கையை அவர் வீசுகிற மாதிரியே தெரியாது. சுவருக்கு எங்கே கொடுத்தால் விழும் என்று தெரிந்தவருக்கு ஒரு பிள்ளையின் கன்னம் எம்மாத்திரம். ஒரே அறை. வாய்க்குள் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. நான் எலும்பு என்று நினைத்துவிட்டேன். அவள் கைக்குள் துப்பினாள். கீழ்க் கிளிப்பு நடுவில் இரண்டாகப் போயிருந்தது. கம்பி கன்னத்தின் உள்பக்கத்தைக் கிழித்து, ரத்தமும் எச்சிலும் தட்டில் நூலாக இறங்கியது. "கடப்பாரை கைக்கு இது தாங்குமா?" என்று அவரே, வேலையிடத்தில் பேசுகிற குரலில், என்னைப் பார்த்துக் கேட்டார். பிறகு மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். அளவு நாடா அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது.

மறுநாள் முறிந்த துண்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா விளக்கை இழுத்து வைத்துக் கன்னத்தின் உள்பக்கத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்படிம்மா ஆச்சு?"

"படியில விழுந்துட்டா டாக்டர்."

வாயைத் திறந்தபடியே, பஞ்சு வைத்த நாக்கோடு, அணில் சொன்னாள்: "எங்க வீட்ல படியே இல்ல."

டாக்டரம்மா துண்டுகளை ஒட்ட உள்ளே கொடுத்துவிட்டு வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் மோவாயைத் தொட்டுக் காட்டி, "உங்களுக்கு எப்ப உடைஞ்சுது?" என்று கேட்டார். நான் முந்தானையை வாய்மேல் இழுத்துக்கொண்டேன். "யாரையாவது கூப்பிடணும்னா நான் கூப்பிடுறேன், நீங்க சொன்னாப் போதும்" என்றார். அணில் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி நின்றேன். பெரியவளான பிறகு கற்ற எழுத்து. அவசரத்துக்கு இப்படி ஒளிந்துகொள்ளத்தான் உதவியது. "அடிக்கடி உடைஞ்சா புதுசு பண்ணணும், மறுபடி அச்சு எடுக்கணும். மாசம் போயிடும். இவ உயரம் பாருங்க, போன தடவைக்கு இந்தத் தடவை. வளர்த்தி யாருக்காகவும் நிக்காதும்மா" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். யார் முதலில் சொன்னது என்று இப்போது நினைவில்லை. அவருடைய வண்டி சந்து முனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் கழற்றிவிட வேண்டும். ஒரு சோப்பு டப்பாவில் போட்டு, பாத்திர அலமாரியின் மேல்தட்டில் வைக்க வேண்டும். அவர் படுத்ததும் மாட்டிக்கொள்ள வேண்டும். வண்டிச் சத்தம் கேட்டதும் அந்த டப்பா டக்கென்று மூடும். பிள்ளையின் முகம் மடங்கி உள்ளே போகும். மூடியிருந்த உதடு பிளந்து பழைய நாலு பல்லும் வெளியே வரும். தினமும் சாயங்காலம் என் கண் முன்னாலேயே ஒருத்தி போவாள், ஒருத்தி வருவாள். வீடு அமைதியாகத்தான் இருந்தது. தையல்கார அக்காகூட, "என்னடி, உங்க வீட்டுச் சத்தம் இல்லாம எனக்கு ஜாக்கெட்டே சீக்கிரம் முடிய மாட்டேங்குது" என்று கிண்டலாகச் சொன்னாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உள்ளே அடக்கினது வேறு எங்கோ பிய்த்துக்கொண்டு போகும் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். ஒரு பையன் அணிலைப் பின்னாலிருந்து பிடித்து, 'வாயைத் திற, மெஷினைப் பார்ப்போம்' என்று விரலை விட்டிருக்கிறான். அவள் அவன் முன்கையைக் கடித்துவிட்டாள். டீச்சர் அந்தக் கையைத் தூக்கி எனக்குக் காட்டினார். இரண்டு பக்கமும் கட்டை கட்டையாகப் பதிந்து, நடுவில் ஒரு கம்பிக் கோடு. "இது மனுஷப் பல்லு மாதிரியே இல்லையேம்மா. நாங்க முதல்ல ஏதோ மிருகம்னு நினைச்சு ஊசி போடத் தூக்கிட்டு ஓடினோம்" என்றார். அந்தப் பையனின் அம்மா என்னை ஏசினாள். நான் ஏச்சை வாங்கிக்கொண்டே பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்தேன். அவள் குனியவில்லை. கிளிப்பு வாயில் இருந்தது, குனிந்தாலும் மோவாய் உள்ளே போயிருக்காது. ஆனால் அவள் குனியவில்லை.

அடுத்த தடவை டாக்டரம்மா கிளிப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு சின்ன அளவுகோலால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் அளந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு முகம் மலர்ந்தது. "சூப்பர்டா குட்டி! எங்க, கிளிப்பு இல்லாம வாயை மூடு. பார்த்தீங்களா? கழட்டியும் தாடை முன்னாடியே நிக்குது. இப்ப பின்னாடி இழு பார்ப்போம்." அணில் இழுக்கப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். "வலிக்குதில்ல? அது நல்ல அறிகுறி. சதை புது இடத்துக்குப் பழகிடுச்சு. இனிமே இவளே நினைச்சாலும் பழைய இடத்துக்குச் சுலபமா போக மாட்டா. ஆனா எலும்பு இன்னும் வளரணும், கிளிப்பை மட்டும் விடவே கூடாது."

நல்ல அறிகுறி என்றார். எனக்குக் காதுக்குள் தையல் மெஷின் ஓடியது.

அன்று சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டது. டப்பா மூடியது. அணில் என் பக்கம் திரும்பினாள். முகம் மடங்கவில்லை. கையால் தாடையைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். "அம்மா, போக மாட்டேங்குது" என்றாள். "குனிஞ்சுக்கோ" என்றேன். குனிந்தாள். துண்டை எடுத்து வாயைத் துடைக்கிற மாதிரி வைத்துக்கொள்ளச் சொன்னேன். எத்தனை நேரம்தான் ஒரு பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டே இருப்பாள்? அவர் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டார். துண்டைப் பிடுங்கிப் போட்டார்.

"கிளிப்பு எங்க?"

"கழட்டிட்டேன்ப்பா."

"அப்புறம் என்ன மூஞ்சி இது?"

"இப்ப இப்படித்தான்ப்பா இருக்கு."

"உள்ள இழு."

இழுக்கப் பார்த்தாள். தண்ணீர் மட்டும்தான் வந்தது, கண்ணிலிருந்து.

"என்னை முறைக்கிறதுக்குன்னே ஆத்தாளும் மவளும் ஆஸ்பத்திரியில போய்ப் பண்ணிட்டு வந்திருக்கீங்க. உள்ள இழுடி."

ஜன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தினார். பிள்ளையின் பின்னந்தலையை ஒரு கையில் பிடித்தார். இன்னொரு கையின் கட்டைவிரலை அவள் மோவாயில் வைத்து, சாத்தாத இழுப்பறையைத் தள்ளுகிற மாதிரி உள்ளே தள்ளினார். அவள் கத்தினது பிள்ளை கத்துகிற சத்தமாக இல்லை. ஆணியைப் பலகையிலிருந்து பிடுங்கும்போது ஒரு சத்தம் வருமே, அது. நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. என் வாய்க்குள் அவர் மணிக்கட்டு இருந்தது. எனக்கு ஒரு பக்கம்தான் கடிக்க வரும். அந்த ஒரு பக்கத்தால் கடித்தேன். உப்பும் சிமெண்ட்டுமாக ஒரு ருசி வந்தது. அவர் என்னைச் சுவரில் மோதினார், விடவில்லை. இன்னொரு தரம் மோதினார், விடவில்லை. தலைக்குப் பின்னால் பூச்சு உதிர்ந்து கழுத்துக்குள் விழுந்தது. கடைசியில் முடியைப் பிடித்து இழுத்துத்தான் கையை விடுவித்துக்கொண்டார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார். எதிரே மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. துணியே இல்லாமல் ஓடுகிற சத்தம் அது. எனக்கு வித்தியாசம் தெரியும்.

மறுநாள் புது இடம். ஒரு பழைய இரண்டு மாடி வீடு. கடப்பாரை கையில் கட்டோடு வந்தார். "என்ன ஆச்சு?" என்று மேஸ்திரி கேட்டார். "நாய்." "எந்த நாய்? ஊசி போட்டியா?" "வீட்டு நாய்தான்." கூட்டமே சிரித்தது. நானும் வாயை மூடிக்கொண்டு செங்கல் அடுக்க இடம் பார்த்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, சுத்தியலை ஓங்கினார். "ஏய், ஏய், என்ன அவசரம்?" என்று மேஸ்திரி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "முதல்ல கதவு ஜன்னலைக் கழட்டு. எத்தனை வருஷமா இருக்க, புதுசா சொல்லணுமா?"

எங்கள் வேலையில் அதுதான் முதல் வேலை. சுவரில் கை வைப்பதற்கு முன்னால் கதவையும் ஜன்னலையும் சேதமில்லாமல் கழற்றி வெளியே சாய்த்துவிட வேண்டும். அவை இருக்கும் வரைக்கும் அது யாரோ ஒருவருடைய வீடு. கழற்றிவிட்டால் வெளியே போகிறவனுக்கும் உள்ளே இருக்கிறது தெரியும், இது இடிபடப் போகிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். பத்து பேர் நின்று பார்ப்பார்கள். இத்தனை வருஷம் கழற்றி வைத்த ஜன்னல்களைச் சுமந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒன்றைச் சுமக்கும்போது நின்றேன். பின்னால் வந்தவள் என் மேல் முட்டி, "என்னக்கா, ஜன்னலைப் பார்த்துப் பேசிட்டிருக்க?" என்றாள்.

மத்தியானத்தோடு மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். சின்னக் கடப்பாரை ஒன்றையும் கூடையில் போட்டுக்கொண்டு வந்தேன். அணில் பள்ளிக்கூடம் போகவில்லை. தாடை வீங்கியிருந்தது. கிளிப்பை மாட்டிக்கொண்டு, வலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கீழ புடி" என்றேன். கேள்வி கேட்காமல் பிடித்தாள். கீல் ஆணியை நெம்பினால் வந்துவிடும், துருப்பிடித்திருந்தால் இரண்டு தட்டு. ஜன்னல் இரண்டு பலகையும் வந்தன. கதவு கொஞ்சம் முரண்டு பிடித்தது. கொக்கி, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பையில் போட்டேன். வீட்டுக்குள் அது வரைக்கும் நான் பார்த்திராத வெளிச்சம் வந்தது. சுவரில் என் தலை பட்ட இடம், தட்டு பட்ட இடம், இன்னும் பழைய இடங்கள் எல்லாம் சந்திலிருந்தே தெரிந்தன.

தையல்கார அக்கா மெஷினை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து நின்றாள். "என்னடி, வீடு மாத்துறீங்களா?"

"இல்லக்கா. கதவு உனக்கு ஆகுமா? துணி வெட்டப் பலகை வேணும்னு சொல்லிட்டிருந்தியே."

அவள் என்னைப் பார்த்தாள். என் பின்னால் திறந்து கிடந்த வீட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பிள்ளையின் வீங்கிய முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் எங்கள் வீட்டுக்குள் நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தரம். "ஆகும்" என்றாள். "ஒரு பக்கம் நீ புடி." மூன்று பேருமாகச் சந்தைக் குறுக்கே தூக்கிக்கொண்டு போனோம். போகும்போது மெதுவான குரலில், "அந்த ஆள் வந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். "போலீசுக்குப் போன் பண்ணவா?" "அந்த டாக்டரம்மாவும் கேட்டாங்கக்கா. அன்னைக்கு ஒண்ணும் சொல்லல." "இன்னைக்கு?" நான் கதவின் கனத்தைத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன். "போனைப் பக்கத்துல வெச்சுக்க" என்றேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. அணில் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள். சோப்பு டப்பாவை நான் எடுத்து அடுப்பங்கரைக் குப்பையில் போட்டேன். "சாப்பிடு" என்றேன். அவள் வாசலைப் பார்த்து உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தாள். மேல் கட்டையும் கீழ்க் கட்டையும் வழுக்கிச் சேரும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. டக். மறுபடி, டக்.

அவர் வாசலில் நின்றார். கதவு இருந்த இடத்தில் கால் வைத்து, தடுமாறின மாதிரி நின்றார். முதலில் வீட்டைத்தான் பார்த்தார், வேலையிடத்தில் ஒரு கட்டடத்தைப் பார்க்கிற பார்வை. பிறகு பிள்ளையை. அவள் மெல்லுவதை நிறுத்தவில்லை. மோவாய் முன்னால் இருந்தது. என் மடியில் சின்னச் சுத்தியல் இருந்தது. அதை நான் எதற்கு எடுத்து வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"என்னடி இது?" என்றார்.

அவர் உள்ளே வந்தார். நேராக ஜன்னல் பக்கம் போனார். கட்டுப் போட்ட கையை நீட்டி, பழக்கத்தில் பலகையைப் பிடித்துச் சாத்தப் போனார். கையில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினார், கை சட்டத்துக்கு வெளியே, சந்துக்குள்ளேயே போய்விட்டது. எதிரே தையல்கார அக்கா மெஷினை நிறுத்தியிருந்தாள். சந்தில் போகிறவர்கள் ஒருவர், இருவராக நிற்க ஆரம்பித்தார்கள். அந்தக் கை அங்கேயே, வெளியே, எல்லாருக்கும் நடுவில், எதையோ தேடிக்கொண்டிருந்தது.

டக், என்றது பின்னால்.